பழைய கணினி, புதிய இயங்குதளம்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கணினி வழக்கம்போல் ஓடும். ஆனால் வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியைப் பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லாமல் விட்டுவைப்பது ஆபத்து.

அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்கு மாறுவதற்கு 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பிடமும் குறைந்தபட்சத் தேவை. பழைய கணினிகள் பல மாட்டிக்கொள்வது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியில்தான். அது இல்லை என்று திரை சொன்னாலும் அவசரப்பட்டுப் புதுக் கணினி வாங்கிவிடாதீர்கள். சில கணினிகளில் அந்த வசதி இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பயாஸ் அமைப்பில் அதை இயக்கிவிடலாம்.

மாற்றுவதற்கு முன் படங்களையும் கோப்புகளையும் வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்கள். தமிழில் தட்டச்சு செய்பவர்கள் பலரும் மறப்பது எழுத்துருவை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கதையோ கல்யாணப் பத்திரிகையோ, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குறிகளாகத்தான் தெரியும். எனவே எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்தே எடுத்துவையுங்கள். இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுகிறவர்களுக்கு இது மிக முக்கியம்.

விண்டோஸ் 11-ஐ ஏற்காத கணினிக்கு லினக்ஸ் இருக்கிறது. உபுண்டு, லினக்ஸ் மின்ட் இரண்டும் இலவசம். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் மட்டும் நிறுவிக்கொள்ளுங்கள்.