மருந்தும் மூலிகையும் உடலில் எங்கே ஒட்டுகின்றன?

“மூலிகைதானே, பக்க விளைவு கிடையாது” என்று நம் வீடுகளில் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உயிர்வேதியியல் பயின்றவன் என்ற முறையில் நான் அதற்குத் தரும் பதில் இதுதான்: ஒரு பொருள் செடியிலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்று நம் உடலிலுள்ள புரதங்கள் பார்ப்பதில்லை. அப்பொருளின் மூலக்கூறு தமக்குப் பொருந்துகிறதா என்பதே அவற்றுக்கு முக்கியம்.

இதனை விளக்க, ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1894ஆம் ஆண்டில் பூட்டையும் சாவியையும் உவமையாகக் காட்டினார். புரதங்களில் சிறு குழிகள் உள்ளன. குழிக்கேற்ற வடிவமுடைய மூலக்கூறு அங்கே அமர்கிறது. பெரும்பாலும் இப்பிணைப்பு வலுக்குறைந்தது. அமர்ந்த மூலக்கூறு மீண்டும் எழுந்து போகலாம்.

நம் இரத்த நீர்மத்தில் மிகுதியாக உள்ள புரதம் ஆல்புமின். ஒரு லிட்டர் இரத்த நீர்மத்தில் ஏறக்குறைய 35 முதல் 50 கிராம் வரை இருக்கும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் என்னும் மருந்தில் சுமார் 99 விழுக்காடு ஆல்புமினோடு ஒட்டியே பயணம் செய்கிறது. ஒட்டாமல் எஞ்சும் 1 விழுக்காடுதான் வேலை செய்கிறது!

வெங்காயத்தில் உள்ள குவர்செட்டின் என்னும் ஆக்சிஜனேற்றத் தடுப்பானும் ஆல்புமினில் ஒட்டுகிறது. இதனை ஆய்வுக்கூடத்தில் நான் செய்து பார்த்திருக்கிறேன். மனித ஆல்புமினின் 585 அமினோ அமிலங்களுள் டிரிப்டோஃபேன் ஒன்றே ஒன்றுதான்; அது 214ஆம் இடத்தில் உள்ளது. அதன்மீது 295 நானோமீட்டர் புற ஊதா ஒளியைச் செலுத்தினால் அது ஒளிரும். குவர்செட்டின் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்க்கச் சேர்க்க, அவ்வொளி மங்கிக்கொண்டே வரும். மங்கும் அளவைக் கொண்டு பிணைப்பின் வலிமையைக் கணக்கிடலாம். வார்ஃபரின் அமரும் குழியும் இதே பகுதியில்தான் உள்ளது என்பது கவனிக்கத்தக்கது.

டி.என்.ஏ.யின் கதை சற்று வேறு. அதனை முறுக்கிய ஏணியாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். படிகளுக்கிடையே உள்ள தொலைவு வெறும் 0.34 நானோமீட்டர். டாக்சோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்தின் தட்டையான பகுதி இரு படிகளுக்கிடையே செருகிக்கொள்கிறது. செல் பெருக முடியாமல் தடுமாறுகிறது. ஆனால், மயிர்க்கால் செல்களும் விரைந்து பெருகுபவை. எனவேதான் நோயாளியின் முடியும் கொட்டுகிறது. ஆக, ஒட்டுவது என்பது தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. எங்கே, எவ்வளவு என்பதே கேள்வி.

சோதனைக் குழாயில் ஒட்டியதாலேயே ஒரு பொருள் நோயைத் தீர்த்துவிடாது. நாம் உண்ணும் குவர்செட்டினின் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் உருமாற்றிவிடுகின்றன. அதேபோல, ஆல்புமினிலிருந்து ஒரு மருந்து இடம் பெயர்ந்தாலும், பெரும்பாலும் உடல் அதனை விரைந்து வெளியேற்றிச் சமாளித்துக்கொள்ளும். பெரிய ஆபத்து கல்லீரலில் இருக்கிறது. வார்ஃபரினைச் சிதைக்கும் நொதியும் ஒரு புரதமே. அதன் குழியை வேறொரு பொருள் அடைத்துக்கொண்டால், வார்ஃபரின் இரத்தத்தில் தேங்கிவிடும்.

2018இல் நியூசிலாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான மெட்சேஃப் ஓர் எச்சரிக்கை விடுத்தது. வார்ஃபரின் உட்கொண்ட ஒருவர் மஞ்சள் சார்ந்த துணையுணவையும் எடுக்கத் தொடங்கிய சில வாரங்களில், அவருடைய ஐ.என்.ஆர். அளவு 10ஐத் தாண்டியது. பொதுவாக அது 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். அளவு கூடினால் இரத்தக்கசிவு ஏற்படலாம்.

குழம்பில் போடும் மஞ்சளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், சத்தைச் செறிவாக்கி அடைத்த மாத்திரை வேறு. உங்கள் தாத்தா பாட்டி மருந்து உட்கொள்பவர்களா? அடுத்த முறை மருத்துவரைக் காணச் செல்லும்போது, அவர்கள் சாப்பிடும் மூலிகை மாத்திரைப் புட்டிகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நாம் கற்ற கல்வி நம் வீட்டிற்கும் பயன்படட்டும்.