வகுப்பறையில் ஓர் உணரி வலையமைப்பு

"சார், நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரே நெடி. காலையில சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

குடிகாட்டைச் சேர்ந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் சொன்னது இது. நாம் தூங்கும்போதும் காற்றைக் கவனித்து, நேரத்தோடு குறித்து வைக்கும் கருவி உண்டா என்று கேட்டாள். கம்பியில்லா உணரி வலையமைப்பை அன்றே பாடமாக எடுத்தேன்.

உணரிக் கணு ஒன்றில் நான்கு பாகங்கள் உண்டு: அளக்கும் உணரி, சிறு செயலி, ரேடியோ, மின்கலம். மின்கலத்தை அதிகம் செலவழிப்பது பெரும்பாலும் ரேடியோதான். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால், அனுப்பத் தேவையான ஆற்றல் நான்கு மடங்காகும். 100 மீட்டரை 50, 50 மீட்டராக இரண்டு தாவலில் கடந்தால் அனுப்பும் ஆற்றல் பாதியாகக் குறையும். அதனால்தான் ஒவ்வொரு கணுவும் தன் தரவை அண்டைக் கணுவிடம் கொடுத்து அனுப்புகிறது.

வழியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதை விளையாட்டாகவே செய்து காட்டலாம். ஆசிரியர் மேசைதான் நுழைவாயில். அதன் எண் 0. கை நீட்டி மேசையைத் தொடக்கூடியவர்களுக்கு எண் 1. அவர்களைத் தொடக்கூடியவர்களுக்கு எண் 2. இப்படியே கடைசி வரிசை வரை எண் கொடுக்கவும். விதி ஒன்றுதான்: சீட்டைத் தன்னைவிடக் குறைந்த எண் உள்ளவரிடமே கொடுக்க வேண்டும்.

சீட்டுகள் மேசைக்கு வந்து சேர்ந்தன. பிறகு, எண் 3 மாணவன் ஒருவனைத் தலைகவிழ்ந்து படுக்கச் சொன்னேன். அவனுடைய மின்கலம் தீர்ந்துவிட்டது! பின்னால் இருந்தவன், யாரும் சொல்லாமலே எட்டிப் பார்த்து, வேறொரு 3-இடம் சீட்டை நீட்டினான். சிறிது நேரத்தில் முதல் வரிசையிலிருந்து குரல்: "சார், எல்லாச் சீட்டும் என்கிட்டயே வருது, கை வலிக்குது!" உண்மையான வலையமைப்பிலும் நுழைவாயிலை ஒட்டிய கணுக்களே முதலில் ஓய்ந்துபோகின்றன. பிள்ளைகளே தீர்வும் சொன்னார்கள்: முறை வைத்து வேலை செய்யலாம், ஒரே செய்தியுள்ள பத்துச் சீட்டுகளை ஒன்றாக்கலாம். பொறியாளர்கள் செய்வதும் இதைத்தான்.

கோவை எட்டிமடையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகம், மூணாறு அந்தோணியார் காலனியில் நிலச்சரிவைக் கண்காணிக்க இத்தகைய வலையமைப்பை நிறுவியது. மண்ணுக்குள் நீரழுத்தத்தையும் சரிவின் அசைவையும் அளக்கும் உணரிகளின் தரவு, கணுவுக்குக் கணு தாவி நுழைவாயிலை அடைந்து, செயற்கைக்கோள் வழியே கொல்லம் அருகிலுள்ள அமிர்தபுரிக்குச் செல்கிறது. 2009 பருவமழையின்போது அந்தத் தரவைக் கொண்டு எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

வாயு உணரிகளுக்கு ஒரு குறை உண்டு. மலிவான உணரி, கடலோர ஈரப்பதத்தில் தவறான அளவு காட்டக்கூடும். ஒரு கணு சொன்னால் சந்தேகப்படலாம். காற்று வீசும் திசையில் அடுத்தடுத்த நான்கு கணுக்கள் வரிசையாக ஏற்றம் காட்டினால் எளிதில் தள்ளிவிட முடியாது.

இதைக் கேட்டதும் அந்த மாணவி, தெருவுக்கு ஒருவராக நான்கு பேரைச் சேர்த்தாள். தேதி, நேரம், காற்றின் திசை, நெடி என நால்வரும் இப்போது நோட்டில் குறிக்கிறார்கள். திங்கட்கிழமை தோறும் நான்கு நோட்டுகளும் என் மேசைக்கு வருகின்றன.