நரிக்குக் கை தைப்பது எப்படி?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 2006 முதல் கூடிவரும், விலங்கு வேட ரசிகர்களின் ஆந்த்ரோகான் மாநாட்டுப் படங்களைப் பார்த்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆள் உயர நரியும் ஓநாயுமாக ஊர்வலம் போகிறார்களே, அந்தக் கைகளில் ஒரு தையல்கூடத் தெரியவில்லையே? என் மகளும் தைத்துப் பார்க்க ஆசைப்படுகிறாள்."

ஃபர்சூட் எனப்படும் இந்த விலங்கு உடையில் எல்லோரும் பார்ப்பது தலையை. எனக்குப் பிடித்தது கை. பெரும்பாலும் மூன்று விரலும் கட்டைவிரலும்தான், கார்ட்டூன் வழக்கம். அணிபவரின் இரண்டு விரல்கள் ஒரே உறைக்குள் ஒண்டிக்கொள்ளும்.

தையல் மறையும் சூட்சுமம் வெட்டுவதிலேயே இருக்கிறது. செயற்கை ரோமத் துணியைக் கத்தரிக்கோலால் நறுக்கினால் ரோமமும் வெட்டுப்பட்டு, தைத்த இடம் மொட்டையாக நிற்கும். அதனால் துணியைக் கவிழ்த்து, அடித்துணியை மட்டும் பிளேடால் கீறுவார்கள். தைத்தபின் உள்ளே சிக்கிய ரோமத்தை ஊசியால் நெம்பிச் சீவிவிட்டால் இருபக்கமும் கலந்துவிடும். ரோமம் விரல்நுனி நோக்கிப் படிய வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

சோதனைகள் அதிகம் நடப்பது உள்ளங்கைத் திண்டுகளில். ஃப்ளீஸ் துணியின் ஓரம் பிரியாது, புதியவர்களுக்கு நல்லது. நாள்பட்டால் பஞ்சு உருண்டை கட்டும். மிங்கி என்ற மென்துணி தடவச் சுகம், தைக்கச் சள்ளை, ஊசிக்கடியில் நழுவும்.

விசித்திரமானது ரெக்சின். பார்வைக்கு நிஜத் திண்டின் தோலேதான். ஆனால் சாதாரணத் துணியில் ஊசியைத் தப்பாகக் குத்தி உருவினால் இழைகள் நெருங்கி ஓட்டையை மூடிவிடும். ரெக்சினில் குத்தியது குத்தியதுதான். குண்டூசிக்குப் பதில் கிளிப் மாட்டுகிறார்கள். நெருக்கித் தைத்தால் பலம் என்ற கணக்கும் இங்கே செல்லாது, துளைவரிசை நெடுகக் கிழியும். என் ஸ்கூட்டர் சீட் கிழிந்ததும் தையலோரமாகத்தான். தவிர, மெஷினின் பாதம் ரெக்சினில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். இடையில் மெல்லிய தாள் வைத்துத் தைத்துவிட்டு, தாளைக் கிழித்தெடுப்பார்கள்.

இவ்வளவு பாடுபட்டுத் தைத்ததை வெந்நீரிலும் சூடான டிரையரிலும் போட்டு நாசமாக்குபவர்களும் உண்டு. ரோமம் பெரும்பாலும் அக்ரிலிக். சூடு பட்டால் சுருண்டுவிடும், பிறகு எந்தச் சீப்பாலும் நிமிராது. பச்சைத் தண்ணீரும் மின்விசிறிக் காற்றும் போதும். பொருளின் குணம் தெரியாமல் கைவைப்பதைவிட அதற்குச் செய்யும் அவமரியாதை வேறில்லை என்பேன்.

அம்மா, விலையுயர்ந்த ரோமத் துணியை மகள் கையில் உடனே கொடுத்துவிடாதீர்கள். முதல் கையைப் பழைய போர்வையில் தைக்கட்டும். மாட்டிக்கொண்டு ஒரு தம்ளரைப் பிடிக்க முடிகிறதா என்று பார்த்தபின் கடைக்குப் போங்கள்.