இருபத்தைந்து எழுத்து, ஐந்து சொல்

ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். வேர்டில் விளையாட்டின் விதி அவ்வளவுதான். ஜோஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர் தன் துணைவிக்காக உருவாக்கிய இந்த விளையாட்டு 2021இன் இறுதியில் உலகமெங்கும் பரவியது. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை விலைக்கு வாங்கியது. ஆடியவர்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழுந்தது. எந்த எழுத்தையும் இரண்டாம் முறை தொடாமல் ஐந்து சொற்களைப் போட்டால் 25 எழுத்துகளைச் சோதித்துவிடலாம். ஆங்கிலத்தில் இருப்பதே 26. அப்படி ஐந்து சொற்கள் உண்டா?

உண்டு. ஃபியார்ட், கக்ஸ், நிம்ஃப், வைபெக்ஸ், வால்ட்ஸ். ஆங்கிலத்தில் எழுதி, எழுத்துகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் கியூ மட்டும் தனியாக நிற்கும்.

இதைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம்? காரணம் உயிரெழுத்துகள். தமிழில் உயிர் மெய்யோடு கலந்து ஓரெழுத்தாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் அதற்குத் தனி இடம் ஒதுக்க வேண்டும். ஏ, ஈ, ஐ, ஓ, யு என்ற ஐந்தோடு, நிம்ஃபில் உயிராக ஒலிக்கும் ஒய்யையும் சேர்த்தால் மொத்தம் ஆறு. சொல்லுக்கு ஒன்றாகப் பங்கு வைத்தால் மிஞ்சுவது ஒன்றே ஒன்று. ஆகவே நான்கு சொற்களாவது ஒற்றை உயிரைச் சுற்றி நான்கு வெவ்வேறு மெய்களை நெருக்கி வைத்திருக்க வேண்டும். நாலெழுத்துச் சொல்லோடு எஸ் சேர்த்துப் பன்மையாக்குவது சுலபமான வழி. ஆனால் கையில் இருப்பது ஒரே எஸ். அதைக் கக்ஸ் எடுத்துக்கொண்டது.

இவ்வளவு நெருக்கடிக்கு ஈடுகொடுக்கும் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்பதுதான் எனக்கு இதில் பெரிய இன்பம். ஃபியார்ட் நார்வேயின் சொல். பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்து, இரு புறமும் செங்குத்துப் பாறை நிற்கும் இடம். அதிலுள்ள ஜே எழுத்து அங்கே 'ய' என்றே ஒலிக்கும். நிம்ஃப் கிரேக்கம்: காடுகளிலும் நீர்நிலைகளிலும் வாழும் தேவகன்னி. பூச்சியியலில் அதே சொல், கூட்டுப்புழுப் பருவம் இல்லாமலே வளரும் வெட்டுக்கிளி, தும்பி போன்றவற்றின் இளம்பருவத்தைக் குறிக்கிறது. வால்ட்ஸ் ஜெர்மன் சொல். சுழன்று சுழன்று ஆடும் இணை நடனம். வைபெக்ஸ் லத்தீனில் சாட்டையடித் தழும்பு. மருத்துவத்தில், தோலுக்கடியில் ரத்தம் கசிந்து கோடாகத் தெரியும் தடம். கக்ஸ் மட்டும் ஆங்கிலப் பேச்சு வழக்கு: பிசுபிசுத்த அழுக்கு.

இன்னொரு ஐவர் கூட்டமும் உண்டு: பிரிக், கிளென்ட், ஜம்பி, வோழ்த், வக்ஃப்ஸ். இதில் விடுபடுவது எக்ஸ். பிரிக் செங்கல், கிளென்ட், ஒளிக்கீற்றைக் குறிக்கும் பழைய வழக்கு, ஜம்பி என்றால் எதற்கெடுத்தாலும் திடுக்கிடுகிறவர். வோழ்த் ரஷ்யச் சொல்: தலைவர். ஸ்டாலினை அப்படி அழைத்தார்கள். கடைசிச் சொல்லை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் வக்ஃபுதான் அது. அரபியின் 'காஃப்' எழுத்தை ஆங்கிலத்தில் கியூவால் எழுதுவதால், வழக்கமாகக் கியூவின் பின்னால் வரும் யு இங்கே தேவைப்படவில்லை. மிச்சமான அந்த யு ஜம்பிக்குப் போய்விட்டது.

அரிய எழுத்துகள் அயல்சொற்களில் குவிந்திருப்பது தற்செயல் அல்ல. பழைய ஆங்கிலத்தில் கியூவுக்கும் இசட்டுக்கும் வேலையே குறைவு. 'குயின்' என்ற சொல்லைக்கூட சி, டபிள்யூ சேர்த்தே எழுதினார்கள். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகுதான் பிரெஞ்சு வழக்கப்படி கியூ, யு இணை அங்கே குடியேறியது. ஜே, ஐயிலிருந்து பிரிந்து தனியெழுத்தாக நிலைபெற வெகுகாலம் பிடித்தது. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியிலும் ஐ, ஜே சொற்கள் ஒரே வரிசையில் கலந்தே கிடக்கின்றன.

சொற்களைத் தேடிய கதையும் வியப்பானது. தோராயமாகப் பத்தாயிரம் சொற்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், அவற்றிலிருந்து ஐந்தைந்தாக எடுக்கும் வழிகள் 8,000 கோடி கோடியைத் தாண்டும். கணிதத்தை மேடையில் நகைச்சுவையோடு விளக்கும் மேட் பார்க்கர் எழுதிய கணினி நிரல், விடை சொல்ல ஏறக்குறைய ஒரு மாதம் எடுத்துக்கொண்டது. ஜெர்மனியைச் சேர்ந்த பெஞ்சமின் பாசென் வேறு விதமாக யோசித்தார். ஒவ்வொரு சொல்லும் ஒரு புள்ளி. பொது எழுத்தே இல்லாத இரு சொற்களுக்கிடையே கோடு. இனி, ஒன்றோடொன்று எல்லாமே இணைந்திருக்கும் ஐந்து புள்ளிகளைத் தேடினால் போதும். ஒரு மாதம் அரை மணிக்கும் கீழே இறங்கியது. 500க்கும் மேற்பட்ட விடைகள் கிடைத்தன.

பிறகு பலர் கைவைத்தார்கள். ஒவ்வொரு சொல்லையும் 26 விளக்குகள் கொண்ட பலகையாகக் கருதி, உள்ள எழுத்துக்கு 1, இல்லாததற்கு 0 என எழுதினார்கள். இரு சொற்களில் பொது எழுத்து உண்டா என்பதைக் கணினி ஒரே செயலில் சொல்லிவிடும். ஏஞ்சல் (தேவதை), ஆங்கிள் (கோணம்), கிளீன் (உதிர்ந்த கதிர் பொறுக்குவது) மூன்றுக்கும் எழுத்துகள் அவையேதான். அவற்றுக்கு ஒரே எண் போதும்.

இவற்றோடு சேர்ந்த இன்னொரு உத்தியை நான் மிகவும் ரசித்தேன். விடையில் ஓர் எழுத்துதான் விடுபடலாம். எனவே கியூ, எக்ஸ் இரண்டில் ஒன்று கட்டாயம் இருந்தாக வேண்டும். அந்த எழுத்துகள் உள்ள சொற்கள் சில நூறுதான். தேடலை அங்கிருந்து தொடங்கினால் மற்றச் சொற்களை முதல் படியிலேயே எடுக்கத் தேவையில்லை. அடுத்தடுத்த படிகளிலும் இப்படியே, இன்னும் தொடாத எழுத்துகளில் மிக அரிதானதைப் பிடித்துக்கொண்டு போகலாம். 2022 முடிவதற்குள் தேடும் நேரம் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. எல்லா எழுத்துகளும் ஆங்கிலத்தில் சம அளவில் புழங்கியிருந்தால் இந்தக் குறுக்குவழியால் பெரிய பயன் இருந்திருக்காது.