மருந்து கொண்டுவந்தார்கள், எழுத்தைக் கேட்டார்கள்!

பெருவுக்கும் பொலிவியாவுக்கும் நடுவே, கடல் மட்டத்திலிருந்து 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது டிடிகாக்கா ஏரி. புதிதாகப் போகிறவர்களுக்கு நாலு எட்டு வேகமாக வைத்தாலே மூச்சு வாங்கும். தலை விண்விண்ணென்று தெறிக்கும். மரங்கள் அரிது, காய்ந்த லாமா சாணம்தான் அடுப்புக்கு. தண்ணீர் 90 டிகிரிக்கும் குறைவான சூட்டிலேயே கொதித்துவிடுவதால், ஒரு சட்டி உருளைக்கிழங்கு வேகவே வெகுநேரம் ஆகும். 1911-ல் இந்த ஏரிக்கரையில், பூனோ நகருக்குப் பக்கத்து பிளாட்டேரியா கிராமத்தில் குடியேறினார்கள் ஒரு வெளிநாட்டுத் தம்பதி.

ஃபெர்னாண்டோ ஸ்டால் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்காரர். மனைவி ஆனா பிறந்தது ஸ்வீடனில். இருவருமே பேட்டில் கிரீக் சானிடோரியத்தில் பயிற்சி பெற்ற நர்ஸ்கள். (இன்று உலகமே காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் கார்ன்ஃப்ளேக்ஸ் பிறந்ததும் அதே சானிடோரியத்தில்தான்.) செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த இவர்கள், இருந்த சொத்தை விற்று, சொந்தச் செலவில் மகளையும் சின்னப் பையனையும் கூட்டிக்கொண்டு கப்பலேறி, 1909-ல் பொலிவியாவின் லா பாஸ் நகரத்துக்கு வந்தவர்கள்.

அங்கிருந்து அவர்களை ஏரிக்கரைக்கு இழுத்தவர் மானுவேல் கமாச்சோ என்கிற அய்மாரா இனத்துக்காரர். இவரைப் பற்றிச் சொல்லாமல் ஸ்டால் தம்பதியின் கதையைச் சொல்வது நியாயமில்லை. வெளியூர் போய், எழுதப் படிக்கக் கற்று ஊர் திரும்பிய கமாச்சோ, தன் ஜனங்களுக்குத் தன் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தியவர். அதற்காகப் பல தொல்லைகளையும் பட்டவர். அதாவது, வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே அங்கே பள்ளிக்கூட ஆசை முளைத்துவிட்டது. துணைக்கு ஆள்தான் தேவைப்பட்டது.

அய்மாரா மக்களின் வீடு மண் சுவரும் புல் கூரையுமானது. பெரும்பாலும் ஜன்னல் கிடையாது. குளிருக்கு அடக்கமாக இருக்கும். புகை போக வழி இருக்காது. பனி கொட்டும் ராத்திரியில் உருளைக்கிழங்கை வெளியே பரப்பி உறைய விடுவார்கள். காலையில் காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, வெயிலில் காய வைப்பார்கள். 'சுன்யோ' என்கிற இந்த வற்றல் வருஷக்கணக்கில் கெடாது. விளைச்சல் பொய்த்த வருஷத்தில் பானையில் கிடப்பது அதுதான்.

வந்த புதிதில் ஸ்டால் தம்பதியின் ஆயுதம் வெந்நீரும் சோப்பும்தான். பேன் பரப்பும் டைஃபஸ் காய்ச்சலும் அம்மையும் ஆளைத் தூக்கிப்போன காலம் அது. புண்ணைக் கழுவுவது, கட்டுப் போடுவது, ஒத்தடம் கொடுப்பது என்று நாள் முழுக்க வேலை இருந்தது. ஆனா பெண்களிடம் உட்கார்ந்து பேசினார். குழந்தைகளை எப்படிக் குளிப்பாட்டுவது, துணி எப்படித் தைப்பது என்று சொல்லிக்கொடுத்தார். கணவரின் பெயரே பெரிதாகப் பேசப்பட்டாலும், பெண்கள் பகுதிக்குள் அந்நியர் ஒருவர் நுழைய முடிந்ததென்றால் அது ஆனாவால்தான்.

தூரத்துக் கிராமங்களுக்கு ஃபெர்னாண்டோ குதிரையிலும் கோவேறு கழுதையிலும் போனார். ஆளில்லாத புல்வெளிகளில் ஆலங்கட்டி மழை அடிக்கும். இருட்டினால் யார் குடிசையிலாவது மண் தரையில் படுக்கை. அப்படிப் போன ஓர் ஊரில் ஊர்த்தலைவர், எங்களுக்கும் ஒரு வாத்தியாரை அனுப்புங்கள் என்று கேட்டார். அனுப்ப அப்போது ஆளில்லை. வருகிறவர் நீங்கள் அனுப்பியவர்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்ற கேள்வி வந்தது. ஃபெர்னாண்டோ ஒரு கல்லை எடுத்து இரண்டாக உடைத்தார். ஒரு பாதியைத் தலைவர் கையில் கொடுத்து, மறுபாதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். மறுபாதியோடு வருகிறவரே வாத்தியார். பிற்பாடு ஆள் வந்தார், கல்லும் பொருந்தியது. அந்த இடத்துக்கு 'உடைந்த கல்' என்றே பெயர் நிலைத்தது.

ஒரு வாத்தியாருக்கு ஏன் இத்தனை தவம்? நிலம் பத்திரத்தில் இருந்தது. பத்திரத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் பண்ணையாரும் அதிகாரியும். அவர்கள் படித்துச் சொன்னதுதான் சட்டம். கைநாட்டு வைத்த பிறகு நிலம் போனதே தெரியவரும். திருவிழாச் செலவும் சாராயமும் போட்ட கடன் வேறு. குடியும் கோகா இலையும் வேண்டாம் என்று ஸ்டால் தம்பதி சொன்னபோது சாராய வியாபாரிக்கு மட்டும் வலிக்கவில்லை. பழைய ஏற்பாடு முழுதுமே ஆட்டம் கண்டது.

1913 மார்ச் 3. பூனோவின் பிஷப் வாலென்டின் ஆம்புவேரோ சுமார் 200 பேரோடு பிளாட்டேரியாவுக்கு வந்து சேர்ந்தார். ஸ்டால் தம்பதி அன்று ஊரில் இல்லை. மண்டியிடச் சொன்னதற்கு அங்கிருந்த அய்மாரா மக்கள் மறுத்தார்கள். கமாச்சோவையும் வேறு சிலரையும் கட்டி, பூனோவுக்கு நடத்திக் கொண்டுபோய்ச் சிறையில் அடைத்தார்கள். அடி வாங்கியதும் சிறைக்குப் போனதும் உள்ளூர்க்காரர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

விஷயம் தலைநகர் லிமாவரை போனது. கத்தோலிக்க மதம் தவிர வேறெந்த மதத்தின் பொது வழிபாட்டுக்கும் அனுமதியில்லை என்றது பெருவின் அன்றைய அரசியல் சட்டம். அந்தத் தடையை நீக்கும் மசோதாவைப் பூனோவின் செனட்டர் செவேரியானோ பெசாதா கொண்டுவந்தார். நாடாளுமன்றத்தில் பாதிரியாராகவும் இருந்த உறுப்பினர் ஒருவர் காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்தே போட்டார். ஆனாலும் 1915 நவம்பரில் திருத்தம் சட்டமானது. எழுதப் படிக்கத் தெரியாத மலை ஜனங்கள் பட்ட அடி, ஒரு நாட்டின் அரசியல் சட்டத்தில் ஒரு வரியை அழித்தது.

அதன்பிறகு ஏரியைச் சுற்றிப் பள்ளிகள் பெருகின. ஆட்சேபத்துக்கும் இடமுண்டு. சாராயத்தோடு சேர்த்துத் திருவிழா ஆட்டத்தையும் பாட்டையும் விடச் சொன்னார்கள். குடித்தவர் மட்டுமா ஆடினார்? அந்த இழப்பைப் பள்ளிக்கூடம் ஈடுகட்டியதா என்பதற்கு ஒவ்வொரு குடும்பத்திலும் வேறு பதில் இருந்திருக்கும். ஆனால் பின்னாளில் அந்தப் பகுதியின் அய்மாரா ஆசிரியர்கள், ஊர்த் தலைவர்கள் பலர் அந்தப் பெஞ்சுகளிலிருந்து எழுந்து வந்தவர்கள்.

மலை உயரம் ஃபெர்னாண்டோவின் உடம்பைக் கெடுத்தது. 1920-களின் தொடக்கத்தில் இருவரும் மலையை விட்டு இறங்கினார்கள். ஓய்வெடுக்க இல்லை, ஆண்டிஸின் கிழக்குச் சரிவில், பெரனே ஆற்றங்கரைக் காட்டுக்கு. பிறகு இன்னும் கீழே, அமேசான் கரை இகிடோஸ் நகரம். குதிரைக்குப் பதில் படகு, குளிருக்குப் பதில் கொசு. மருந்துப் பெட்டி மட்டும் அதேதான். 1930-களின் இறுதியில் அமெரிக்கா திரும்பினார்கள். ஃபெர்னாண்டோ 1950-ல் காலமானார். ஆனா 1968 வரை இருந்தார். இகிடோஸில் இன்றும் இயங்கும் மருத்துவமனைக்கு ஆனா ஸ்டால் என்றே பெயர்.