போர்ட்டிக்சன்: எண்ணெயும் துறைமுகமும் கடற்கரையும்

விடியுமுன் பிரட்டுக்குச் செல்லும் லுக்குட் வட்டாரத் தோட்ட மக்கள் சிலர், மேற்கு வானின் அடிவாரத்தில் செந்நிற ஒளி ஒன்று அசைவதைக் கண்டிருப்பர். அது தீ விபத்தன்று. போர்ட்டிக்சன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில், மிகுதியான வாயு உள்ளே தேங்கி ஆபத்து விளைவிக்காதிருக்க, உயர்ந்த குழாயின் உச்சியில் அதனை எரித்துவிடுகின்றனர். அச்சுடரே நம் கண்ணுக்குப் புலப்படுகிறது.

நெகிரி செம்பிலான் மாநிலத்திற்குக் கடலைத் தொடும் மாவட்டம் போர்ட்டிக்சன் ஒன்றே. துறைமுகம், எண்ணெய், உல்லாசப் பயணம் ஆகிய மூன்றும் அச்சிறு கரையின் உருவத்தை மாற்றியமைத்தன. அதனைச் சூழ்ந்துள்ள தோட்டங்களில் வாழும் நாம், இம்மூன்றும் எவ்வாறு வந்தன, எத்தகையோருக்கு வேலை தருகின்றன என்பதை அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

கரித்துறை துறைமுகமான வரலாறு

முற்காலத்தில் இப்பகுதியின் புகழெல்லாம் லுக்குட்டிற்கே உரியதாயிருந்தது. ராஜா ஜுமாட் என்னும் தலைவர் அங்கு ஈயச் சுரங்கத் தொழிலை வளர்த்து, குன்றின்மேல் ஒரு கோட்டையும் எழுப்பினார். அக்கோட்டையின் எச்சங்களை இன்றும் காணலாம். அப்போது லுக்குட் சிலாங்கூருக்கு உட்பட்டிருந்தது. 1880ஆம் ஆண்டில் செய்துகொள்ளப்பட்ட எல்லை மாற்றத்தினால் அது சுங்கை ஊஜோங்கைச் சேர்ந்தது.

அருகிலிருந்த கடல்துறைக்கு அந்நாளில் 'ஆராங்' என்று பெயர். மலாய் மொழியில் அச்சொல் கரியைக் குறிக்கும். ஆழமான அத்துறையில் ஈயத்தைக் கப்பலேற்றலாம் எனக் கண்ட ஆங்கிலேயர் அங்குத் துறைமுகம் அமைத்து, சர் ஜான் பிரடெரிக் டிக்சன் என்ற அதிகாரியின் பெயரைச் சூட்டினர். 1891ஆம் ஆண்டில் சிரம்பானிலிருந்து துறைமுகம் வரை சுமார் 39 கிலோமீட்டர் நீளத்திற்கு இருப்புப் பாதை திறக்கப்பட்டது.

எனினும் 1901ஆம் ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டதும் பெரிய கப்பல்கள் அங்கே செல்லத் தொடங்கின. போர்ட்டிக்சனின் வாணிபம் குன்றியது. சிரம்பானிலிருந்து வந்த இருப்புப் பாதையிலும் இன்று ரயில் ஓடுவதில்லை. ஒரு தொழிலை மட்டும் நம்பியிருக்கும் ஊருக்கு நேரக்கூடியது யாது என்பதற்கு இது முதற்சான்று.

எண்ணெய் வந்தது

துறைமுகத்தின் மதிப்புக் குறைந்தபோதிலும், கப்பல் நிற்கத்தக்க கடல் அங்கேயே இருந்தது. 1963ஆம் ஆண்டில் ஷெல் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை அங்கு இயங்கத் தொடங்கியது. அக்காலத்திலேயே எஸ்ஸோ நிறுவனமும் ஆலை நிறுவியது. எஸ்ஸோவின் ஆலை 2012ஆம் ஆண்டில் பெட்ரோன் நிறுவனத்திற்கும், ஷெல்லின் ஆலை 2016ஆம் ஆண்டில் ஹெங்யுவான் நிறுவனத்திற்கும் கைமாறின.

இவ்வாலைகளில் நடப்பதைத் தோட்ட மக்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். மங்கிலிருந்து சேகரித்த பாலை ஸ்டோரில் வடிகட்டி, அமிலமிட்டு உறையவைத்து, அழுத்திப் புகையிட்டுச் 'சீட்' ஆக்குவதை நாம் அறிவோம். பூமிக்கடியிலிருந்து எடுக்கப்படும் கச்சா எண்ணெயும் அவ்வாறே நேராகப் பயன்படாத கலவைப் பொருளாகும். அதனைச் சுமார் 350 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, உயரமான கோபுரம் ஒன்றினுள் செலுத்துகின்றனர். ஆவியாகும் பகுதிகளுள் இலேசானவை உச்சி வரை ஏறுகின்றன. கனமானவை கீழே தங்குகின்றன. மேலிருந்து கீழாகச் சமையல் வாயு, பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எனத் தட்டுத்தட்டாகப் பிரிகின்றன. அடியில் எஞ்சுவதிலிருந்து சாலைக்கு இடும் தாரும் கிடைக்கிறது.

பாலுக்கும் எண்ணெய்க்கும் உள்ள உறவு

எண்ணெய்க்கும் நமது பால்மரத்திற்கும் மற்றோர் உறவும் உண்டு. செயற்கை ரப்பர் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பொருள்களைக் கொண்டே செய்யப்படுகிறது. 1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதால் இயற்கை ரப்பர் கிடைக்காமற்போன அமெரிக்கா, அதனைப் பேரளவில் தயாரிக்கத் தொடங்கியது. அன்று முதல் அது நமது ரப்பருக்குப் போட்டியாக இருந்து வருகிறது.

எண்ணெய் விலை ஏறினால் செயற்கை ரப்பரின் செலவும் ஏறும். நமது ரப்பருக்கு அது ஆதரவாகலாம். ஆனால் எப்போதும் அவ்வாறே நிகழும் என்று எண்ணுதல் தவறு. 1973-74ஆம் ஆண்டுகளில் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அதன் விளைவாக உலகத் தொழில்கள் மந்தமுற்று, டயர்களின் தேவை குறைந்து, ரப்பர் விலையும் சரிந்தது. அரிசி விலை உயர்ந்தும் ரப்பர் விலை தாழ்ந்தும் இருந்த அந்நாளில், கெடா மாநிலத்துப் பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு தம் குறையை வெளியிட்டனர். தொலைதூர எண்ணெய்க் கிணற்றின் விலை, நம் வீட்டு அடுப்பு வரை வந்து சேர்கிறது.

கடற்கரை தரும் வேலை

ஊருக்குத் தெற்கே தெலுக் கெமாங் முதலிய கடற்கரைகள் நீண்டு செல்கின்றன. தலைநகரிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவேயாதலால், வார இறுதிகளில் மக்கள் பெருந்திரளாக வருகின்றனர். தென்கோடியில் உள்ள தஞ்சோங் துவான் முனை மலாக்கா மாநிலத்திற்கு உரியது. அங்கே 1863ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் நிற்கிறது. ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், வடக்கே திரும்பும் பருந்தினப் பறவைகள் கடலைக் கடந்து வந்து அம்முனையின் காட்டில் தரை சேர்கின்றன.

தங்கும் விடுதிகளும் உணவகங்களும் பலருக்கு வேலை தருகின்றன. ஆயினும் அவ்வேலை கூட்டத்தைப் பொறுத்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, விடுதிகள் வெறிச்சோடின. அத்துடன், எண்ணெய்க் கப்பல்கள் நிற்கும் கடலும் குழந்தைகள் நீராடும் கடலும் ஒன்றே. ஒரு கசிவு நேர்ந்தால் மீனவரும் விடுதித் தொழிலாளரும் ஒருங்கே பாதிக்கப்படுவர்.

நிலம் கைமாறும்போது

கரையோரம் வளர வளர, அண்டை நிலத்தின் மதிப்பும் உயர்கிறது. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனையும், பின்னர் வீடமைப்புத் திட்டங்களும் தோன்றுவதை நாம் கண்டு வருகிறோம். தோட்டம் விற்கப்படும்போது தொழிலாளிக்கு இரட்டை இழப்பு நேர்கிறது: வேலையும் போகிறது, வேலையோடு கிடைத்த வீடும் போகிறது. ஆகவே சட்டம் தரும் பாதுகாப்பை ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

1980ஆம் ஆண்டின் பணிநீக்க இழப்பீட்டு விதிகளின்படி, குறைந்தது 12 மாதம் தொடர்ந்து பணியாற்றியவருக்கு இழப்பீட்டு உரிமை உண்டு. 2 ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளமும், 2 முதல் 5 ஆண்டுக்கு உட்பட்ட சேவைக்கு 15 நாள் சம்பளமும், 5 ஆண்டும் அதற்கு மேலும் ஆயின் 20 நாள் சம்பளமும் கணக்கிடப்படும். 20 ஆண்டுகள் உழைத்தவருக்கு 400 நாள் சம்பளம் சேரும். புதிய உரிமையாளர், தோட்டம் கைமாறிய 7 நாள்களுக்குள், முன்னதற்குக் குறையாத நிபந்தனைகளுடன் வேலையைத் தொடர முன்வந்தால், இழப்பீடு எழாது. ஆனால் பழைய சேவைக்காலம் விடுபடாமல் தொடரும். எத்தாளிலும் கையொப்பமிடுமுன் தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் இலாகாவையோ அணுகுதல் நன்று. சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துதலும் அவசியம்.

நம் பிள்ளைகளுக்கு வேண்டுவது

எண்ணெய் ஆலை பார்வைக்குப் பெரிதாயினும், அதனை இயக்குவோர் தொகை சிறிதே. கருவிகளைக் கண்காணிக்கப் பயிற்சி பெற்ற சிலர் போதும். பராமரிப்புக்காக ஆலை நிறுத்தப்படும் காலங்களில் இரும்பு பற்றவைப்போர், குழாய் பொருத்துவோர், மின்வினைஞர் ஆகியோர் பலர் தேவைப்படுகின்றனர். இருவகையினருக்கும் வேண்டுவது கைத்திறனும் அதனை உறுதிப்படுத்தும் சான்றிதழுமே. அவையில்லாத இளைஞர் ஆலையின் அருகிலேயே பிறந்து வளர்ந்தவராயினும், வாயிற்கதவுக்கு வெளியே நிற்க நேரிடும்.

இதற்கு வழியும் தொலைவில் இல்லை. சீ ரூசாவில் அமைந்துள்ள போர்ட்டிக்சன் பாலிடெக்னிக்கில் பொறியியல் துறைகள் கற்பிக்கப்படுகின்றன. எஸ்.பி.எம். தேர்வில் தேறிய மாணவர் அங்கு விண்ணப்பிக்கலாம். அத்தேர்வுக்கு முன்னரே பள்ளியை விட்டு, நாட்கூலிக்குச் செல்லும் பிள்ளையை மீண்டும் படிக்க அனுப்புவது பெற்றோரின் கடமையாகும்.

கரி போயிற்று, ஈயம் போயிற்று, ரயிலும் நின்றது. எண்ணெய்க்கும் ஒருநாள் முடிவு வரக்கூடும். கற்ற தொழிலோ, கரை மாறினும் கையைவிட்டுப் போகாது. அடுத்தமுறை கடற்கரைக்குக் குடும்பத்துடன் செல்லும்போது, மணலில் விளையாடும் பிள்ளைகளுக்கு அந்த ஆலைக் கோபுரங்களையும் காட்டி, அவை என்ன செய்கின்றன என்பதை நாம் விளக்கிச் சொல்வோமாக.