தலைச்சுற்று எல்லாம் பிரஷர் அல்ல: காதுக்குள் இருக்கும் காரணமும் வீட்டில் செய்யும் பயிற்சியும்

பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழுபவர்களிடம் காரணம் கேட்டால், முழங்கால் வலிக்கு அடுத்ததாக நான் கேட்கும் பதில், "சுஜூதுக்குப் போனால் தலை சுத்துது" என்பதுதான். அறுகம்பே, பொத்துவில் பகுதிகளில் இதைப் பிரஷர் என்பார்கள், பித்தம் என்பார்கள், கண்ணூறு என்றும் சொல்வார்கள். பலருக்கு உண்மைக் காரணம் காதுக்குள் இருக்கிறது.

எனது உம்மாவுக்கும் இது வந்தது. வலப்பக்கம் புரண்டு படுத்தால் கூரை சுழலும். ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். பிரஷர் சரியாகவே இருந்தது. வைத்தியர் அவரது தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டெனப் பின்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, கண்கள் துடிப்பதைப் பார்த்தே நோயைச் சொன்னார். டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952இல் விவரித்த பரிசோதனை இது.

நமது உட்காதில், உடலின் சமநிலையைக் காக்கும் பகுதியில், மிகச் சிறிய கல்சியம் காபனேற்றுத் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. வயதாலோ, தலையில் அடிபட்டதாலோ, சிலவேளை காரணமே தெரியாமலோ அவை கழன்று, பக்கத்தில் உள்ள அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடும். குனியும்போதும், புரளும்போதும், அண்ணாந்து பார்க்கும்போதும் துகள் நகர்ந்து குழாயில் உள்ள திரவத்தை அசைக்கும். உடல் அசையாமலிருக்க, சுழல்வதாக மூளைக்குத் தகவல் போகும்.

குளிசை குமட்டலைக் குறைக்கும். ஆனால் துகளை இடம் மாற்றாது. அதை மாற்றுவது தலையின் அசைவுதான். அமெரிக்க வைத்தியர் ஜோன் எப்லி 1992இல் வெளியிட்ட முறை இன்று உலகெங்கும் பயன்படுகிறது.

வலக்காதுக்கு அதைச் செய்யும் விதம் இதுதான்:

1. கட்டிலில் கால் நீட்டி அமருங்கள். படுக்கும்போது தோளுக்குக் கீழே வரும்படி தலையணையை வையுங்கள். தலையை 45 பாகை வலப்பக்கம் திருப்புங்கள்.

2. அப்படியே விரைவாக மல்லாந்து படுங்கள். தலை சற்றுப் பின்னோக்கித் தாழ்ந்திருக்கட்டும். 30 செக்கன், அல்லது சுற்றல் நிற்கும்வரை பொறுங்கள்.

3. தலையை உயர்த்தாமல் 90 பாகை இடப்பக்கம் திருப்பி, 30 செக்கன் இருங்கள்.

4. உடலையும் இடப்பக்கம் புரட்டி, முகம் கட்டிலைப் பார்க்கும்படி 30 செக்கன் இருங்கள்.

5. நாடியைத் தாழ்த்தியபடி, இடப்பக்கமாக மெதுவாக எழுந்து அமருங்கள்.

இடக்காது என்றால் பக்கங்களை மாற்றுங்கள். எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும்போது சுற்றல் கடுமையாக வருகிறதோ, பெரும்பாலும் அந்தக் காதே பாதிக்கப்பட்டது. பயிற்சியின் நடுவிலும் தலை சுற்றும், பயப்பட வேண்டாம். ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுக்கச் சுற்றல் இல்லாமல் போகும்வரை, தினமும் மூன்று தடவை செய்யலாம்.

முதலில் வைத்தியரிடம் காட்டி, இதுதான் நோய் என்றும் எந்தக் காது என்றும் உறுதிப்படுத்துங்கள். கழுத்து எலும்பில் நோய் உள்ளவர்களும், கண் விழித்திரைப் பிரச்சினை உள்ளவர்களும் வைத்தியரின் அனுமதியின்றிச் செய்யக் கூடாது. பேச்சுக் குழறினால், வாய் கோணினால், கை கால் ஒரு பக்கம் பலமிழந்தால், பொருள்கள் இரண்டாகத் தெரிந்தால், திடீரெனக் காது கேட்காமல் போனால், நடக்கவே முடியாமல் சுற்றல் நீடித்தால் பயிற்சி செய்துகொண்டிருக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்து உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். அது பாரிசவாதமாக இருக்கலாம்.

குணமாகும்வரை தோணியில் கடலுக்குப் போவதையும், மரம் ஏறுவதையும், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும் தவிருங்கள். வயதானவர்கள் இரவில் எழும்பும்போது சற்று நேரம் கட்டிலிலேயே அமர்ந்திருந்து பிறகு நடக்கட்டும். இந்தச் சுற்றல் உயிரை எடுக்காது, ஆனால் விழுந்தால் இடுப்பு முறியும்.

முடியாதவர் அமர்ந்து தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது. ஆனால் சில நிமிடப் பயிற்சியால் தீரக்கூடிய ஒன்றுக்காக, நமது பெரியவர்கள் வருடக்கணக்கில் சுஜூதை இழந்திருக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டில் யாராவது "குனிந்தால் சுத்துது" என்று சொன்னால், பிரஷரைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், காதையும் பார்க்கச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள்.